ஆதரவற்ற பூனைகளும் அறக்கொடை மரபும்

பூனைகளோடு அமர்ந்து தேநீர் பருகும் கடைகள் இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றில் உள்ளன. ‘பூனைக் கஃபே’ என்பது அவற்றின் வழக்குப் பெயர். இவ்வகைக் கடை முதன்முதலில் 1998-இல் தைவானின் தலைநகர் தைப்பேயில் தோன்றியது. 2004-இல் ஜப்பானின் ஒசாகா நகரில் ஒன்று திறக்கப்பட்டது. விலங்கு வளர்க்க இடமளிக்காத அடுக்ககங்களில் வாழும் ஜப்பானிய நகர மக்களிடையே அது விரைந்து பரவியது. 2013-இன் இறுதியில் சிங்கப்பூருக்கும், 2015-இல் மும்பையின் வெர்சோவாப் பகுதிக்கும் வந்து சேர்ந்தது. இடையே 2014-இல் அமெரிக்காவின் ஓக்லண்டு நகரில் அமைந்த கடை ஒரு படி மேலே சென்றது. மீட்கப்பட்ட பூனைகளை அங்கே வைத்து, வருவோர் விரும்பினால் அவற்றைத் தம் வீட்டுக்குக் கொண்டுசென்று வளர்க்கவும் வழி செய்தனர். மும்பைக் கடையும் தெருவிலிருந்து மீட்ட பூனைகளுக்கு வீடு தேடித் தரும் நோக்கத்தோடே தொடங்கப்பெற்றது.

இச்செய்தியைக் கேள்விப்படும் நம் மக்களிடம் இருவகைப் பேச்சு எழுகிறது. பொழுதுபோகாத செல்வர்களின் வீண்செலவு என்பர் ஒரு சாரார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மார்க்கம் இதைச் சொல்லிவிட்டது என்று பெருமை பேசுவர் மறு சாரார். முதற்சாரார் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டிப் பார்க்கவில்லை. மறுசாரார் வரலாற்றைப் பார்க்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆதரவற்ற பூனையைப் பேணுவது குறித்து நம் சட்ட நூல்கள் தெளிவாகவே பேசியுள்ளன. அதற்கென நிறுவனங்களும் நம் நகரங்களில் இருந்துள்ளன. அவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு அழிந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய இந்தப் புதுமையை அளக்கும் அளவுகோல் நமக்குக் கிட்டும்.

வீட்டைச் சுற்றி வருவோர்

நபித்தோழர் அபூகத்தாதா (ரழி) அவர்கள் உளூச் செய்வதற்காக அவர்களின் மகனுடைய மனைவி கப்ஷா தண்ணீர் ஊற்றி வைத்தார். ஒரு பூனை அதைக் குடிக்க வந்தது. அபூகத்தாதா (ரழி) அவர்கள் அது குடிப்பதற்கு ஏதுவாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்போடு நோக்கவே, பூனை அசுத்தமானதன்று, உங்களைச் சுற்றி வருவோரில் ஒன்று அது என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். முவத்தா, அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ முதலிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. இதில் வரும் ‘தவ்வாஃபீன்’ என்ற சொல் சிந்திக்கத்தக்கது. வீட்டில் அனுமதி கேளாமலே வந்துபோகும் பணியாட்களையும் சிறுவர்களையும் குறிக்க அந்நூர் அத்தியாயத்தில் ஆளப்படும் சொல்லின் வேரிலிருந்தே இதுவும் பிறந்தது. அந்தச் சொல்லால் பூனையும் வீட்டாரோடு சேர்த்து எண்ணப்பெற்றது.

மற்றொரு செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. பூனையைக் கட்டி வைத்து, உணவும் தராமல், பூமியின் சிற்றுயிர்களைத் தின்று பிழைக்க அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டாள் என்பது அதன் கருத்து. இதிலிருந்து அறிஞர் பெருமக்கள் வருவித்த சட்டம் முக்கியமானது. உணவிலும் நீரிலும் குறைவைக்காத வரை பூனையை வைத்துக்கொள்வதும் அடைத்து வைப்பதும் கூடும் என்று இமாம் குர்துபீ (ரஹ்) கூறியதை இப்னு ஹஜர் (ரஹ்) ஃபத்ஹுல் பாரீயில் எடுத்தாண்டுள்ளார். ஆக, மனிதனுக்கு முன் இரு வழிகளே வைக்கப்பட்டுள்ளன. ஒன்று, உணவளித்துப் பேண வேண்டும். மற்றது, தானே உணவு தேடிக்கொள்ளும்படி விட்டுவிட வேண்டும். இந்த இரண்டாம் வழிக்கு ஒரு நிபந்தனை உள்ளடங்கியுள்ளது. விடப்படும் இடத்தில் உண்ண ஏதேனும் இருக்க வேண்டும். கான்கிரீட் தரையில் விடப்பட்ட குட்டிக்கு அந்த வழி திறந்திருப்பதாகச் சொல்ல முடியாது.

இவ்விடத்தில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. பூனையை நேசிப்பது ஈமானின் ஒரு பகுதி என்று வழங்கும் கூற்று இட்டுக்கட்டப்பட்டது என இமாம் ஸகானீ (ரஹ்) போன்றோர் தெளிவுபடுத்தியுள்ளனர். நபி (ஸல்) அவர்களின் சட்டைக் கையில் உறங்கிய பூனை பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதைக்கும் ஹதீஸ் நூல்களில் ஆதாரம் இல்லை. இத்தகைய நிகழ்ச்சி ஸெய்யித் அஹ்மத் கபீர் ரிஃபாயீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 578, கி.பி. 1182) அவர்களைப் பற்றியே வரலாற்று நூல்களில் கூறப்படுகிறது. சட்டைக் கையில் பூனை உறங்கிக்கொண்டிருக்கத் தொழுகை நேரம் வந்தது. அதை எழுப்ப மனமின்றிக் கையை வெட்டிவிட்டுச் சென்று, பின்னர் வந்து தைத்துக்கொண்டார்கள் என்பர். ரிஃபாயீ ராத்தீபு ஓதப்படும் நம் கடற்கரையில் இச்செய்தியை அவர்களுக்குரியதாகவே சொல்வதுதான் முறை.

விலையா, கொடையா?

மீட்கப்பட்ட பூனையை விற்காமல் வளர்ப்பவரிடம் ஒப்படைப்பதே இன்றைய காப்பகங்களின் வழக்கம். நம் ஃபிக்ஹு மரபோடு இது மிக நெருங்கி வரும் இடமும் இதுதான்.

நாயின் விலையையும் பூனையின் விலையையும் நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக ஜாபிர் (ரழி) அவர்கள் வழியாக முஸ்லிம் நூலில் ஒரு செய்தி உள்ளது. இதனை நேர்ப்பொருளில் கொண்டு, பூனையை விற்பது கூடாது என்று கருதியோர் உண்டு. அபூஹுரைரா (ரழி), தாவூஸ், முஜாஹித் ஆகியோர் அவ்வாறு கருதியதாக இப்னுல் முன்திர் (ரஹ்) குறிப்பிடுகிறார். பூனைக்குட்டியால் பெயர் பெற்ற நபித்தோழரே அதன் விலையை மறுத்தோரின் வரிசையில் இருப்பது கருதத்தக்கது.

ஷாஃபிஈ மத்ஹபும் பெரும்பான்மை அறிஞர்களும் பயன்தரும் பூனையை விற்பது செல்லும் என்றே கொள்கின்றனர். அப்படியானால் அந்த ஹதீஸின் பொருள் என்ன? இமாம் நவவீ (ரஹ்) முஸ்லிம் விரிவுரையில் இரு விளக்கங்கள் தருகிறார். பயன்படாத பூனையைக் குறித்தது என்பது ஒன்று. மற்றொன்று, அது விலக்கலைவிட ஒழுக்க நெறியைச் சார்ந்தது என்பது. மக்கள் பூனையை அன்பளிப்பாகவும் இரவலாகவும் ஒருவருக்கொருவர் தாராளமாகக் கொடுத்துப் பழக வேண்டும் என்பதற்காகவே விலை வெறுக்கப்பட்டது. பெரும்பாலும் நடைமுறையும் அவ்வாறே உள்ளது என்கிறார் இமாம் அவர்கள். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் திமிஷ்க் நகரில் பூனை, விலைக்கு வாராமல் கைமாறும் பொருளாக இருந்தது என்பதற்கு இது ஒரு சான்று. ‘தத்து’ என்ற சொல்லைக் கேட்டதும் வம்சத்தைக் குறித்த தத்தெடுப்புத் தடையை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எடுத்து வளர்த்தல் என்பதே இதன் பொருள்.

கொடுப்பதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பிறர் வீட்டுப் பறவையையோ உணவையோ அழிக்கும் பழக்கம் உள்ளதென்று அறியப்பட்ட பூனையின் உரிமையாளர், இரவாயினும் பகலாயினும் இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்பது நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் காணும் சட்டம். அண்டை வீட்டுப் புறாக்களைத் தின்றதற்காகக் கொல்லப்பட்ட பூனைக்கு இரங்கற்பா பாடிய பக்தாத் கவிஞர் இப்னுல் அல்லாஃப் (மறைவு ஹிஜ்ரி 318) அரபு இலக்கியம் பயில்வோர் அனைவரும் அறிந்தவர். பூனையால் அண்டை வீட்டாரிடையே எழும் பூசல் எவ்வளவு பழையது என்பதற்கு அதுவே போதும்.

கெய்ரோவின் பூனைத் தோட்டம்

தனிமனித இரக்கத்துக்கு நம் வரலாற்றில் சான்றுகள் பல. எகிப்தின் இலக்கண மேதை இப்னு பாபஷாத் (மறைவு ஹிஜ்ரி 469, கி.பி. 1077) ஒருநாள் பள்ளிவாசலின் மேற்றளத்தில் தோழர்களோடு உண்டுகொண்டிருந்தார். ஒரு பூனை வந்து கவளத்தை வாங்கிக்கொண்டு போவதும் உடனே திரும்பி வருவதுமாக இருந்தது. பின்தொடர்ந்து பார்த்தபோது, கண் தெரியாத மற்றொரு பூனைக்கு அது உணவு கொண்டுபோவதைக் கண்டனர். இக்காட்சி அவரை உலுக்கியது. அரசுப் பணியையும் ஊதியத்தையும் துறந்து இறைவனைச் சார்ந்து வாழத் தலைப்பட்டார் என்று இப்னு கல்லிகான் எழுதியுள்ளார்.

எனினும் இரக்கம் நெஞ்சில் தோன்றி மறையும் இயல்புடையது. அதை நிலைநிறுத்தச் சட்டமும் வருவாயும் வேண்டும். சட்டத்தைச் சுல்தானுல் உலமா இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 660) தம் கவாயிதுல் அஹ்காமில் தொகுத்துத் தந்தார். விலங்குகளுக்கு மனிதன் மீதுள்ள உரிமைகளை அதில் அவர் வரிசைப்படுத்துகிறார். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அதற்குச் செலவிடுவது கடமை. தாங்க இயலாததைச் சுமத்தக் கூடாது. அதற்குத் தீங்கிழைக்கும் பிற விலங்குகளோடு ஓரிடத்தில் சேர்த்து வைக்கக் கூடாது என்று அப்பட்டியல் நீள்கிறது.

அதே காலத்தில் வருவாய்க்கும் ஒருவர் வழி செய்தார். ஹிஜ்ரி 658 முதல் 676 வரை (கி.பி. 1260–1277) எகிப்தையும் ஷாமையும் ஆண்ட மம்லூக் சுல்தான் அள்ளாஹிர் பைபர்ஸ், கெய்ரோ நகருக்கு வெளியே தம் பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு தோட்டத்தைப் பூனைகளின் நன்மைக்கென ஒதுக்கினார். ‘பூனையின் தோட்டம்’ என்று பொருள்படும் பெயராலேயே அது அழைக்கப்பட்டது. பைபர்ஸும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் மறைந்தது ஒரே ஆண்டில், ஹிஜ்ரி 676-இல். திமிஷ்க் நகரத்தாரின் தோட்டங்களைச் சுல்தான் கையகப்படுத்த முனைந்தபோது அஞ்சாமல் எதிர்த்துக் கடிதம் எழுதியவர் இமாம் நவவீ என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. பூனைக்குத் தோட்டம் ஈந்த கை, மக்களின் தோட்டத்தை நோக்கியும் நீண்டது. அறத்தை அளக்கும்போது ஆட்சியையும் சேர்த்தே அளக்க வேண்டியிருக்கிறது.

அத்தோட்டத்தின் பிற்கால நிலையை ஆங்கிலேய அரபு அறிஞர் எட்வர்ட் லேன் 1836-இல் வெளியான தம் நூலில் பதிவு செய்துள்ளார். தோட்டம் சீர்கெட்டுவிட்டது, பெருஞ்செலவின்றிப் பயன் தராது என்று காரணம் காட்டி முதவல்லிகள் அதை விற்றனர். வாங்கியவர் மீண்டும் விற்றனர். இவ்வாறு பலமுறை கைமாறிய பின், பெயரளவிலான நிலவாடகையாக ஆண்டுக்குப் பதினைந்து பியாஸ்டர் மட்டுமே எஞ்சியது. ஆகவே பூனைகளின் உணவுச் செலவு, அறக்கொடைகளின் காப்பாளர் என்ற முறையில் காழியின் தலையில் விழுந்தது. நாள்தோறும் பிற்பகலில் நீதிமன்றத்தின் பெரிய முற்றத்துக்கு இறைச்சிக் கழிவுகள் கொண்டுவரப்படும். பூனைகளை அழைத்து உணவிடுவர். அக்கடமையும் அண்மைக்காலத்தில் சரிவர நிறைவேற்றப்படவில்லை என்கிறார் லேன். அடுத்து அவர் தரும் செய்தி நம் சிந்தனைக்கு உரியது. தம் வீட்டுப் பூனையைத் தொலைத்துவிட விரும்பிய கெய்ரோவாசிகள் பலர், அதைக் காழியின் முற்றத்தில் கொண்டுவந்து விட்டுச் சென்றனர்.

ஒரு நிறுவனம் அழியும் இரு வழிகளும் இந்தச் சிறு வரலாற்றில் அடங்கியுள்ளன. மேலே இருப்பவர் வருவாயைத் தின்றனர். கீழே இருப்பவர் தம் பொறுப்பைக் கொண்டுவந்து கொட்டினர். வக்ஃபு நிலங்கள் கைமாறிய வரலாற்றை நம் நாட்டிலேயே அறிந்த வாசகர்களுக்கு இதன் முதற்பாதி புதிதாக இராது.

திமிஷ்கிலும் இத்தகைய அறம் இருந்தது. பூனைகள் உண்ணவும் உறங்கவும் ஒரு வக்ஃபு இருந்ததையும், அவற்றுக்கென அமைந்த வீட்டில் நூற்றுக்கணக்கான பூனைகள் கூடியதையும் சிரிய அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸிபாஈ (1915–1964) இஸ்லாமிய நாகரிகம் குறித்த தம் நூலில் எழுதியுள்ளார். இங்கே ஃபிக்ஹு பயின்றோருக்கு ஓர் ஐயம் எழும். விலங்கு உடைமை பெறத் தகுதியற்றது. ஆகவே அதன் மீது நேரடியாக வக்ஃபு செய்வது செல்லாது என்பது ஷாஃபிஈ நூல்களின் பொதுவிதி. மக்காவின் புறாக்களுக்கு மட்டும் இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) விதிவிலக்குக் கூறியுள்ளார். எனவே பூனைக்கென எழுதப்படும் கொடை, அதற்கு உணவளிக்கும் நற்செயலுக்குரியது என்ற பொருளிலேயே நிலைபெறும் என்று நாம் கருதுகிறோம். பூனை கணக்குக் கேட்காது. அதனாலேயே கணக்கு எழுதும் மனிதனின் அமானிதம் இருமடங்காகிறது.

இன்றைய இல்லங்கள்

சிங்கப்பூருக்குச் சென்றிருந்தபோது உறவினர் வீட்டுப் பிள்ளைகள் அழைக்க, இத்தகைய இல்லம் ஒன்றுக்குச் சென்றோம். மணிக்கணக்கில் கட்டணம். வாயிலில் காலணியைக் கழற்றிக் கையைக் கழுவிய பின்னரே உள்ளே விடுகின்றனர். உறங்கும் பூனையை எழுப்பாதே, தூக்காதே, கொண்டுவந்த உணவைக் கொடுக்காதே என்று எழுதி வைத்துள்ளனர். மனிதர் எட்டாத உயரத்தில் பலகைகள் அமைத்திருப்பதால், ஆட்களைப் பிடிக்காத பூனை மேலே ஏறிக்கொள்கிறது. எடுத்து வளர்க்க விரும்புவோரிடம் வீட்டில் யார் யார் உள்ளனர், சன்னலுக்கு வலை உண்டா, பயணம் போனால் யார் பார்ப்பார் என்றெல்லாம் வினவுகின்றனர். ஊரில் பெண் கொடுக்கும்போது கேட்கும் கேள்விகளைவிட இவை அதிகம் என்று எம்முடன் வந்த பெரியவர் நகைத்தார்.

அந்நாட்டில் இக்கேள்விகளுக்குக் காரணமுண்டு. அங்கே மக்களில் பெரும்பாலோர் வசிக்கும் அரசு அடுக்ககங்களில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல்தான் உரிமம் பெற்று, அடையாளச் சில்லு பொருத்தி, வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்க இசைவு தரப்பட்டுள்ளது. உரிமம் என்பது வளர்ப்பவரின் பெயரைப் பூனையோடு பிணைப்பது. கெய்ரோ முற்றத்தில் நேர்ந்தது நேராமல் தடுக்கும் கருவி அது.

இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்களின் பட்டியலை வைத்து நோக்கினால், இத்தகைய இல்லங்களை எளிதில் தரம் பிரிக்கலாம். நோயுற்ற பூனைக்கும் செலவிடுகிறார்களா? வருவோரின் தொல்லையிலிருந்து ஒதுங்க அதற்கு இடமுண்டா? ஒத்துப்போகாதவற்றை ஒன்றாக அடைக்காமல் இருக்கிறார்களா? ஆம் எனில், நுழைவுக் கட்டணம் அந்தத் தோட்டத்தின் விளைச்சலைப் போன்றது. அழகிய வெளிநாட்டு இனங்களை விலைக்கு வாங்கிக் காட்சிக்கு வைப்பது வணிகம். அதற்கும் இவ்வறத்துக்கும் தொடர்பில்லை. வளர்க்கக் கொடுக்கும்போது பெறப்படும் தொகையும் தடுப்பூசி, மருத்துவம் ஆகியவற்றின் செலவை ஈடு செய்யும் அளவில் நிற்குமாயின், அது விலையின் பாற்படாது.

நம் வாசகர்க்கு எழக்கூடிய இரு ஐயங்களையும் இங்கே தெளிவுபடுத்துதல் நலம். ஆடையில் ஒட்டிய பூனை முடியோடு தொழலாமா? உண்ணப்படாத விலங்கின் உடலிலிருந்து பிரிந்த முடி ஷாஃபிஈ மத்ஹபில் அசுத்தமே. ஆயினும் சிறிதளவு மன்னிக்கப்படும். மிகுதியாக இருந்தால் தட்டி அகற்றிவிட்டுத் தொழுவதே முறை. ஹனஃபீ மத்ஹபில் முடி அசுத்தமன்று. பூனை வாய்வைத்த மிச்ச நீரே அங்கு மக்ரூஹ் எனப்படுகிறது.

கருத்தடை அறுவை பற்றியது இரண்டாம் ஐயம். உண்ணப்படாத விலங்கின் விதையடிப்பை இமாம் நவவீ (ரஹ்) தடுத்துள்ளார். காப்பகங்களோ அறுவை செய்யாமல் எந்தப் பூனையையும் ஒப்படைப்பதில்லை. பூனைகள் பெருகித் தொல்லையாகி, அறுவையால் அவற்றுக்குத் தீங்கும் நேராது எனில் குற்றமில்லை; பிறந்த பின் கொல்வதைவிட இது மேலானது என்று இக்கால அறிஞர் இப்னு உஸைமீன் (ரஹ், மறைவு 2001) தீர்ப்பளித்துள்ளார். பிறந்த குட்டிகள் பசியால் மடிவதைக் கண்ணெதிரே காண்போர் இக்கருத்தின் வலிமையை உணர்வர். அல்லாஹ் மிக அறிந்தவன்.

நமது கடற்கரை

குமரி மாவட்டத்தின் இனயம், பெருந்துறைமுகத் திட்டத்துக்கு 2016-இல் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தபோது நாடெங்கும் பெயர் அறியப்பட்ட மீனவர் ஊர். அங்கும் அடுத்துள்ள தேங்காய்ப்பட்டணத்திலும் பூனைக் கஃபே இல்லை, தேவையும் இல்லை. வள்ளம் கரையேறி, சாளையும் அயிலையும் ஏலம் போகும் மணலில் பூனைகளுக்குப் பங்கு கிடைத்துவிடும். ஹதீஸ் காட்டிய இரண்டாம் வழி அக்கரையில் திறந்தே இருக்கிறது.

ஆனால் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. மேலைக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. தென்மேற்குப் பருவக் காற்றில் கடல் சீறும்போது சிறு வள்ளங்களும் இறங்க இயலாது. மனிதர் அடுப்பே மெலிந்தெரியும் அந்நாட்களில் கரைப் பூனைகள் வீட்டு வாசல்களுக்கு வருகின்றன. குட்டிகளைச் சாக்கில் கட்டி, ஊருக்கு வெளியே சாலையோரத்திலோ, சந்தையிலோ, பள்ளிவாசல் மதிலுக்கு உட்புறமோ விட்டுவரும் வழக்கம் நம் ஊர்கள் பலவற்றிலும் உண்டு. பள்ளியில் விட்டால் யாரேனும் சோறு போடுவார்கள் என்ற எண்ணம், கெய்ரோவாசிகள் காழியைப் பற்றிக் கொண்டிருந்த அதே எண்ணம்தான். பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படியும் குற்றமாகும்.

நம் ஜமாஅத்துகள் பெருநகரக் கடைகளைப் போலச் செய்ய வேண்டுமென்று நாம் கூறவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் சுட்டிய அந்தப் பழைய பழக்கத்தை உயிர்ப்பித்தாலே போதும். குட்டி ஈன்றதும் வேண்டுவோர் யார் என்று ஊரில் கேட்டு, தாய்ப்பால் மறந்த பின், பேணுவார் என்று அறிந்த வீட்டில் கையளிப்பது ஒன்று. கடல் அடைந்த இரு மாதங்களில் சதகாவிலிருந்து ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்கி, செலவுக் கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது மற்றொன்று. அபூஹுரைரா (ரழி) அவர்கள் இளமையில் ஆடு மேய்த்தபோது பகலெல்லாம் குட்டியை உடன் கொண்டு சென்று விளையாடி, இரவில் அதை ஒரு மரத்தில் பத்திரமாக வைப்பார்கள் என்று திர்மிதீயில் காண்கிறோம். பகலின் விளையாட்டோடு இரவில் அது தங்கும் இடத்தையும் அவர்கள் கவனித்தார்கள். அப்பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போமாக.